மன்னிப்புக் கடிதம் வேண்டாம், ஐந்தொகை போதும்: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம், பொன்னமராவதி வட்டாரங்களின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், வகுப்பாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், பெற்றோர்.

அன்புடையீர், வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பல வகுப்புகளில் ஒரு சடங்கு நடக்கிறது. திருத்திய விடைத்தாளைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு வெள்ளைத்தாளையும் நீட்டி, "மார்க் ஏன் குறைஞ்சுது, இனிமே என்ன செய்யப்போறேன்னு எழுதி, வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா" என்கிறோம். மறுநாள் வருகிற தாள்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. "இனி நேரத்தை வீணாக்க மாட்டேன். செல்போனைத் தொட மாட்டேன். காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பேன். பெற்றோரைப் பெருமைப்படுத்துவேன்." 90 வாங்கிய பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது, 28 வாங்கிய பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது.

இதற்குப் பெயர் மன்னிப்புக் கடிதம். திட்டப்போகிறவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் உள்ளதை எழுதாது, அவர் கேட்க விரும்புவதைத்தான் எழுதும். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மாணவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கிடைக்கிற நல்ல வாய்ப்பு இப்படிப் பாழாகிறது. அந்தத் தாளைக் கைவிடச் சொல்லவில்லை. அதில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

மாற்றிக் கேட்க நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. கணக்கு எழுதியே பேர் வாங்கிய சீமை இது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள், தொழில் பழக வந்த பெட்டியடிப் பையனுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். வராத பாக்கிக்கு எதிரே யாரும் "மனம் வருந்துகிறேன்" என்று எழுதி வைத்ததில்லை. யார், எவ்வளவு, எந்தத் தேதி, வட்டி என்ன, அவ்வளவுதான் இருக்கும். வரவு, செலவு, பாக்கி எல்லாவற்றையும் கூட்டி நிலுவை பார்க்கிற ஐந்தொகையை எடுத்துப் பார்த்தால் கடை எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். மாணவருக்கும் அப்படி ஒரு பக்கம் போதும்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தாளையே எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுதவேண்டும். ஐந்து மதிப்பெண் வினாவும் 10. எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று. 14, 20, 50, 16, ஆக 100. ஒரு பிள்ளை 61 வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போன 39 எங்கே போனது என்று விடைத்தாளைப் புரட்டி, சிவப்பு மை பட்ட ஒவ்வொரு இடத்தையும் நான்கு பத்தியில் ஒன்றில் போடச் சொல்லுங்கள்: தெரியாதது, தெரிந்தும் பிசகியது, நேரம் போதாதது, கேள்வியைத் தவறாகப் படித்தது. ஆயத்தொலை வடிவியலிலும் முக்கோணவியலிலும் மூன்று ஐந்து மதிப்பெண் கணக்கு தொடவே இல்லை, 15 போச்சு. இரண்டு மதிப்பெண்ணில் இரண்டு தெரியவில்லை, 4. குறி மாறியும் எண் மாறியும் போனது 9. வரைபடத்துக்கு நேரம் இல்லை, 8. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் 3.

கூட்டிப் பாருங்கள். 39-ல் 19தான் பாடம் தெரியாமல் போனது. மீதி 20 மதிப்பெண்ணுக்குப் புதிதாக ஒரு வரிகூடப் படிக்கவேண்டியதில்லை. "நீ படிக்கல" என்று அந்தப் பிள்ளையைச் சொன்னால் அது பாதிப் பொய். அந்தப் பொய்யை நம்பி, பயந்துபோய், முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்க உட்காரும்போதுதான் மலைப்பே வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் எல்லாவற்றையும் "கவனக்குறைவு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள், அதை அவிழ்ப்பது ஆசிரியர் வேலை. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருக்க, உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறி மாற்றுவது ஒரு வகை. இது கவனக்குறைவே இல்லை, எட்டாம் வகுப்பிலிருந்து தொடரும் புரிதல் குறை. பத்து கணக்கு போட்டுக் காட்டினால் சரியாகும். ஒரு வரியில் இருக்கிற 16 அடுத்த வரிக்கு வரும்போது 19 ஆவது இன்னொரு வகை. இதற்கு மருந்து வரிக்கு ஒரு படி எழுதுவதும், தாளின் வலது ஓரத்தில் கோடு கிழித்து உதவிக் கணக்கை அங்கேயே போடுவதும்தான். கடைசி அரைமணியில் மட்டும் பிசகு வந்தால் அது சோர்வு அல்லது அவசரம். மூன்றுக்கும் "கவனமா எழுதுப்பா" என்று ஒரே அறிவுரை சொல்லிப் பயனில்லை.

நேரத்தையும் இப்படித்தான் கணக்குப் பார்க்கவேண்டும். 180 நிமிடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்பது நிமிடம் வீதம் 90, இரண்டு மதிப்பெண்ணுக்கு நான்கு நிமிடம் வீதம் 40, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 15 வீதம் 30, ஒரு மதிப்பெண்ணுக்கு 14. மொத்தம் 174. சரிபார்க்க மிஞ்சுவது ஆறே நிமிடம். வழக்கமாக நடப்பது என்ன? முதல் பக்கத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே அரைமணி உட்கார்ந்துவிட்டு, 16 மதிப்பெண் உள்ள வரைதலைக் கடைசிக் கால்மணிக்குத் தள்ளுவார்கள். அப்போது கை நடுங்கும், அளவுத்திட்டம் எழுத மறக்கும், உதவிப்படம் விட்டுப்போகும். வடிவியலையும் வரைபடத்தையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பழக்குங்கள் என்பது எங்கள் கருத்து. ஒத்துவராத பிள்ளைகளும் உண்டு, திருப்புதல் தேர்வில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தால் எது ஒத்துவருகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒன்று மட்டும். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்தில் 90, 10. இந்தப் பிரிவைப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். எல்லாமே அந்த மூன்று மணி நேரத்தில்தான் என்று நினைத்துத் தவிக்கிற பிள்ளைக்கு, 30 வேறிடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வரும்.

இந்தப் பக்கத்தை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். விடைத்தாள் கொடுத்த மூன்று நாளுக்குள், வகுப்பிலேயே, ஒரு முழுப் பாடவேளை. விடைத்தாள் அவர்கள் கையில் இருக்கவேண்டும். மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டதும் தாளைத் திரும்ப வாங்கிக் கட்டி வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பேரேட்டைப் பூட்டிவைத்துவிட்டு ஐந்தொகை கேட்டால் எப்படி?

பின்பக்கம் மதிப்பெண்ணைத் தாண்டியது. "என் வளர்ச்சி" என்று தலைப்புக் கொடுத்தால் ஒழுக்கம், பணிவு, விடாமுயற்சி என்று நன்னெறிச் சொற்களாக நிரம்பும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். "ஜூன் மாதத்தில் உன்னால் தனியாகச் செய்ய முடியாத எது இப்போது முடிகிறது?" சந்தேகத்தை எழுந்து நின்று கேட்பது, ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியை அகராதி வைத்துத் தானே படிப்பது, ஆய்வகத்தில் பிப்பெட்டில் அளவு தவறாமல் எடுப்பது, தங்கைக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பது, எதுவாகவும் இருக்கலாம். அடுத்த கேள்வி, "இந்த ஆறு மாதத்தில் யாரிடம் உதவி கேட்டாய், என்ன கேட்டாய்?" இந்த இடம் காலியாக வந்தால் அதைத்தான் வகுப்பாசிரியர் முதலில் கவனிக்கவேண்டும். கேட்கத் தெரியாத பிள்ளைதான் ஓசையில்லாமல் பின்தங்கும். பின்பக்கத்துக்கு மதிப்பெண் போடவேண்டாம், காலை வழிபாட்டில் யாருடையதையும் வாசிக்கவும் வேண்டாம். நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் ஊர் முச்சந்திப் பிளெக்ஸ்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இனி தூக்கம். மன அழுத்தம் என்று பேச்செடுத்தாலே பிள்ளையின் மனத்தைச் சரிசெய்யக் கிளம்பிவிடுகிறோம். அதற்கு முன் கால அட்டவணையைப் பார்ப்போம். கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து காரைக்குடிக்கு வருகிற பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்து 6.45 பஸ்ஸைப் பிடிக்கிறது. எட்டு மணிக்குக் காலைச் சிறப்பு வகுப்பு, 4.30 வரை பள்ளி, 5.30 வரை மாலைச் சிறப்பு வகுப்பு, ஆறிலிருந்து எட்டு வரை டியூஷன். வீடு சேர ஒன்பது, சாப்பிட்டு முடிக்க 9.30, வீட்டுப்பாடம் முடிய 11.30. தூங்கக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்கு வேண்டியது எட்டிலிருந்து பத்து மணி நேரம். இந்தப் பிள்ளைதான் "இனி நான்கு மணிக்கு எழுவேன்" என்று சத்தியம் செய்து கொடுக்கிறது, நாமும் "நல்லது" என்று கையெழுத்துப் போடுகிறோம்.

பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது. அதனால் கேட்கிறோம்: காலைச் சிறப்பு வகுப்பு அல்லது மாலைச் சிறப்பு வகுப்பு, இரண்டில் ஒன்றை வையுங்கள். வெளியூர்ப் பஸ் பிள்ளைகள் உள்ள வகுப்பில் காலையைத் தவிருங்கள். அவர்களின் வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க மாலையில் ஒரு மணி நேரம் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவைத்தால், அது இன்னொரு சிறப்பு வகுப்பைவிடப் பெரிய உதவி. ராத்திரி ஒன்பது மணிக்கு "தூக்கம் வராம இருக்க" என்று டீ போட்டுக் கொடுக்கிற வீடுகளுக்கும் ஒரு சொல். உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படிப்பு முடிந்த பிறகும் அது கண்ணை மூட விடாது.

படிக்கிற முறையில் நடக்கிற பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது: திரும்பத் திரும்ப வாசிப்பது. மூன்றாம் தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அது பழக்கத்தின் மயக்கம். 25 நிமிடம் படித்து, புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்கவேண்டும். அதையே மறுநாள், பிறகு நாலாம் நாள், பிறகு பத்தாம் நாள் வாசிக்காமல் எழுதிப் பார்க்கவேண்டும். முதல் வாரம் இது கஷ்டமாக இருக்கும், "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று பிள்ளை அழும். விட்டுவிடுவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான், ஆகவே அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது ஆசிரியரின் கடமை. செல்போனைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம், படிக்கிற நேரத்தில் அது வேறு அறையில், அடுப்படி அலமாரியில், இருந்தால் போதும். கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்த்து வைத்தாலும் மனம் அங்கேதான் நிற்கும்.

பதற்றம் உடம்பில்தான் முதலில் தெரியும். தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி, குமட்டல், உள்ளங்கை வியர்வை, நெஞ்சு படபடப்பு. இதை நடிப்பு என்று சொல்லாதீர்கள், வலி உண்மையான வலி. மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் கற்றுக்கொடுக்கும் முறையில் தவறுகிறோம். தேர்வு அறை வாசலில் நிறுத்தி "ஆழமா மூச்சு இழு" என்றால் பிள்ளை வேகமாக இழுத்து இழுத்துத் தலைசுற்ற நிற்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம்: நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட்டு, பத்துத் தடவை. ஜனவரியிலேயே, மனம் அமைதியாக இருக்கிற நேரத்தில், தினமும் முதல் பாடவேளை தொடங்குமுன் இரண்டு நிமிடம் பழகியிருந்தால்தான் மார்ச்சில் கைகொடுக்கும்.

பொதுத்தேர்வில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வரும். பத்து நிமிடம் வாசிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்குத்தான் எழுதத் தொடங்குவது. அந்தப் பத்து நிமிடத்தில் விடையை யோசிக்கத் தொடங்கினால் தெரியாத கேள்வியிலேயே கண் ஒட்டிக்கொள்ளும். எந்தெந்த வினாவைத் தேர்ந்தெடுப்பது, கட்டாய வினா எது, எதில் தொடங்குவது என்று மட்டும் முடிவு செய்தால் போதும். நடுவில் மண்டை வெறுமையாகிவிட்டால் பேனாவைக் கீழே வைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, நீண்ட மூச்சு ஐந்து விட்டு, தெரிந்த ஒரு மதிப்பெண் வினா ஒன்றை எழுதச் சொல்லுங்கள். கை ஓடத் தொடங்கினால் நினைவு பின்னாலேயே வரும். இதைத் திருப்புதல் தேர்வில் ஒத்திகை பார்க்கவேண்டும்.

அன்று காலை வெறும் வயிற்றோடு அனுப்பவேண்டாம். இட்லியோ இடியாப்பமோ, வழக்கமாக ஒத்துப்போவது எதுவோ அது. "பரீட்சைக்குப் போற பிள்ளை" என்று அப்பத்தா ஆசையாகக் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுட்டு வைத்திருந்தால், அது சாயங்காலம் வரை காத்திருக்கட்டும். இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறோம்: பெண்பிள்ளைகள் பலர் பள்ளி நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கும் அல்லது உள்ளே போகமுடியாத நிலையில் இருக்கும் என்பதற்காக. மத்தியானத் தலைவலிக்கும் மந்தத்துக்கும் அதுவும் ஒரு காரணம். மன அழுத்த மேலாண்மை என்று பயிலரங்கம் நடத்துமுன் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் கோவில் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். தையில் சிராவயல் மஞ்சுவிரட்டும் பழனிப் பாதயாத்திரையும், பிறகு காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழாவும் வருகிற காலம்தான் திருப்புதல் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் காலம். விழா வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? பிள்ளை பால்குடம் எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் எடுக்கட்டும், அந்த ஒரு நாளைக் கால அட்டவணையில் முன்பே கழித்துவிடுங்கள். ஒலிபெருக்கி மட்டும்தான் பிரச்சினை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில விழா நாட்களுக்கு அரசு தருகிற தளர்வும் நள்ளிரவு வரைதான். கூம்புக் குழாயைத் தெருவிலிருந்து பந்தலுக்குள் திருப்பி வைத்தாலே பாதிச் சத்தம் குறையும்.

வீட்டாருக்கு. அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "இதுல நான் என்ன செஞ்சு தரணும்?" என்று ஒரு கேள்வி போதும். பதில் "ராத்திரி டிவி சத்தத்தைக் குறைங்க" என்று வந்தால் கோபப்படாமல் குறையுங்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போட்டு "எவ்வளவு எதிர்பார்க்கிற?" என்று கேட்டால் போனைப் பிள்ளையிடம் நீட்டாமல் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சில அடையாளங்களைப் பதற்றம் என்று கடந்துபோகக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, கூட்டாளிகளிடமிருந்து முற்றாக ஒதுங்குவது, பிடித்த பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு. அப்போது சுற்றிவளைக்காமல், "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, மனசில் இருப்பதை இறக்கிவைக்க வழிதான் கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்லுங்கள், மனநல உதவி எண் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ரகசியம் காப்பாற்றுவதாக மட்டும் அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 14416, 104 இரண்டோடு, பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகியவற்றையும் கரும்பலகை ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவையுங்கள். தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டினால் யாரும் பார்க்கப்போவதில்லை.

முடிவு வெளியாகும் நாளுக்கும் ஏற்பாடு இப்போதே வேண்டும். ஐந்தொகையில் "தெரியாதது" பத்தி நீளமாக இருக்கிற பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அன்றைக்குக் காலை அவர்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்கும்படி முந்தின நாளே சொல்லிவையுங்கள். விடைத்தாள் நகல், மறுகூட்டல், அதே கோடையில் துணைத் தேர்வு, எல்லாவற்றுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு தாளில் அச்சிட்டு ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு, முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுங்கள். 500-க்கு 490 வாங்கியவருக்குச் சாயங்காலம் போடலாம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்தில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலரும், மாணவர் ஆலோசகர்களும்